பட்டாணியும் பத்தொன்பதாம் அத்தியாயமும்

ஜாதவ்பூரில், 8பி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அலமு, அறுபத்து நாலாவது வயதில் ஒரு நாவலை எழுதி முடித்தாள். முப்பத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவள். புருஷனை இழந்த பெண்கள் எதிரே உட்கார்ந்து சொன்ன கதைகளையெல்லாம் படிவத்தில் ஆறு வரிக்குள் அடக்கி அடக்கி, ஓய்வு பெற்ற மறுநாளே அடங்காமல் எழுத உட்கார்ந்தாள் என்று சொல்வார்கள். சொல்வது நான்தான், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவள் தட்டச்சு செய்த வேகத்தில் எதிர்வீட்டு மின்விசிறி தானாகச் சுற்றியது என்பதற்கும் நானே சாட்சி.

நாலு வருஷம், முந்நூறு பக்கம். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்குச் சென்னையிலிருந்து பதிப்பாளர் பன்னீர்செல்வம் போன் செய்தார்.

"அம்மா, கதை நல்லாருக்குங்க. ஆனா 'சட்டென்று' மட்டும் நூத்தி எண்பத்தேழு வாட்டி வருது. உங்க கதையில ஒருத்தர்கூட நிதானமா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க."

"நூத்தி எண்பத்தேழா? எண்ணிப் பாத்தேளா?"

"கம்ப்யூட்டர் எண்ணிச்சுங்க. அது போவட்டும், அந்தப் பத்தொன்பதாம் அத்தியாயம். அங்க என்னமோ நழுவுது, எனக்கு இன்னதுன்னு சொல்லத் தெரியல. சாயங்காலம் அஞ்சுக்குள்ள திருத்தி அனுப்பிடுங்க. அஞ்சரைக்கு அச்சகத்துக்குக் குடுத்தாகணும். இல்லேன்னா கண்காட்சிக்கு வேற புஸ்தகத்த வெச்சிடுவேன். உங்களுத அடுத்த வருஷம் பாப்போம்."

'பார்ப்போம்' என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள் அலமு! அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணினி முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தாள். 'சட்டென்று' இருந்த இடத்திலெல்லாம் ஒரே தட்டில் 'திடீரென்று' போட்டுவிட்டாள். பத்து நொடியில் வேலை முடிந்தது. மனசு மட்டும் ஒப்பவில்லை. பத்தொன்பதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

யாருக்குப் படிப்பது? மகள் ப்ரியா வங்காளம் சரளமாக வாசிப்பாள், தமிழில் பஸ் பலகையைக்கூட வாசிக்க மாட்டாள். கணவர் அனந்தகிருஷ்ணன் கூடத்தில் ஆங்கிலக் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மட்டும் நாவலில் ஒரு வரியைக்கூட அலமு இதுவரை காட்டியதில்லை. காரணம் அந்தப் பத்தொன்பதாம் அத்தியாயத்தில்தான் இருந்தது.

ஆகவே பக்கத்து வீட்டுத் தாரா முகர்ஜியைக் கூப்பிட்டாள். நாற்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். அலமுவுக்குத் தாரா-தி, அக்கா முறை. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்தக் காது! கரியாஹாட் மார்க்கெட்டில் நாலு மீன்காரர்கள் ஒன்றாகக் கூவினால், சுருதி விலகியவனைப் பெயர் சொல்லித் திட்டுவாள்.

உரிக்க வைத்திருந்த பச்சைப் பட்டாணியோடு வந்து சமையலறையில் சம்மணம் போட்டாள் தாரா-தி. "படி. அர்த்தம் எனக்கு வேண்டாம், சத்தம் போதும்," என்றாள் வங்காளத்தில்.

அலமு படித்தாள். ஒரு கண் காகிதத்தில், ஒரு கண் கடிகாரத்தில். படித்து முடித்து நிமிர்ந்தபோது மணி இரண்டரை. தாரா-தியின் முன்னால் மூன்று கிண்ணங்களில் பட்டாணி.

"இது என்ன தாரா-தி?"

"ஒரே சத்தம் திரும்பி வந்தா ஒரு பட்டாணி போட்டேன். இந்தக் கிண்ணம் 'திடீரென்று'. பத்தொம்பது. இது 'பெருமூச்சு'. பதிமூணு. அப்படின்னா என்ன?"

அலமு ஒன்று விட்டுக் காட்டினாள்.

"ஓ மா! ஒரு அத்தியாயத்துல பதிமூணா? அந்தப் பொண்ண நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டு."

அலமுவுக்குச் சிரிப்பு வந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் நின்றது. "மூணாவது கிண்ணம்?"

"அது எனக்குப் புரிஞ்ச ஒரே வார்த்தை. காப்பி. ஏழு. எங்க வீட்டுல ஜலதோஷம் வந்தாத்தான் காப்பி. உன் கதையில யாருக்காவது ஜலதோஷமா?" தாரா-தி கேலியை விட்டாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. உன் குரல் மேல போறது, மேல போறது, உச்சியத் தொடப்போற நேரம் காப்பி வந்துடுது. உடனே கீழ இறங்கிடற. ஏழு தடவையும். மேல அப்படி என்ன இருக்கு? ஏன் ஓடி வர?"

அலமு காகிதத்தை எடுத்துக்கொண்டு கணினிக்குப் போனாள்.

'திடீரென்று'வை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தாள். சொல்லை மாற்றியது பேய்க்குப் புதுச் சட்டை போட்டது போலத்தான் என்று இப்போது தெரிந்தது. அவள் எழுந்தாள் என்றாலே எழுந்துவிட்டாள். எவ்வளவு வேகமாக என்று யாரும் கேட்கப் போவதில்லை. நிஜமாகவே யாரோ திடுக்கிட்ட மூன்று இடங்களை மட்டும் விட்டுவைத்தாள். பெருமூச்சுகளையும் களைந்தாள். நாவல் மூச்சு விட ஆரம்பித்தது. மணி மூன்றே முக்கால்.

மிச்சம் காப்பி. ஆறை எடுப்பது சுலபமாக இருந்தது. ஏழாவதில் விரல் நின்றது. கதாநாயகி வேதா கணவனிடம் கேட்கிறாள்: "அந்தக் கடிதம் வந்தபோது நீங்கள் வீட்டில்தானே இருந்தீர்கள்?" அடுத்த வரியில் வேதா காப்பி போட எழுந்துவிடுகிறாள். அந்த வரியை அழித்தால் வேதா உட்கார்ந்தே இருக்க வேண்டும். கணவன் பதில் சொல்லியாக வேண்டும். என்ன பதில்? அலமுவுக்கே தெரியாது. இட்டுக்கட்டி நாலு பதில் எழுதினாள். நாலும் பொய்யாக ஒலித்தன. நாலையும் அழித்தாள்.

ஓய்வு பெற்ற அன்று அவள் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, ஆபீஸ் நண்பர் ரஞ்சன் சொல்லியிருந்தார்: "தொண்ணூத்தி நாலுல திருச்சிக்கு ஆபீசர் போஸ்ட் வந்தும் வேண்டாம்னுட்டியே, அலமு-தி. அப்பவே போயிருந்தா எங்கேயோ போயிருப்ப." அப்படி ஒரு கடிதத்தை அலமு கண்ணால் பார்த்ததே இல்லை. அப்போது ப்ரியா பிறந்து மூன்று மாதம். அவள் குழந்தையோடு உள்ளறையில் இருக்க, தபால்காரருக்குக் கதவு திறக்க வீட்டில் இன்னொருவர்தான் இருந்தார். நாலு வருஷமாக அதைக் கேட்க வேண்டும் என்று கூடத்துக்கு வருவாள். வந்தவள் அப்படியே திரும்பிச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

நாலு இருபது.

கூடத்துக்குப் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சமையலறையில் தாரா-தி உரிப்பதை நிறுத்தினாள். பாஷை தெரியாது, ஆனால் சுருதி மாறியது தெரிந்துவிட்டது.

"ஏன்னா."

"ம்."

"ப்ரியா பொறந்து நான் லீவுல இருந்தேனே. அப்ப ஆபீஸ்லேர்ந்து எனக்கு ரிஜிஸ்டர் தபால் ஏதாவது வந்துதா?"

பேனா கட்டத்தின் நடுவில் நின்றது. அனந்தகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எழுந்தார்.

"இரு. ஒரு வாய் காப்பி கலந்துண்டு வந்துடறேன்."

அந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷர் அவர்.

"உக்காருங்கோ," என்றாள் அலமு. அவள் குரல் தாரா-தி சொன்ன அந்த உச்சியில் இருந்தது.

உட்கார்ந்தார். வெளியே சைக்கிள் ரிக்ஷாக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனான். அந்தச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தார்.

"வந்துது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

"எங்க வெச்சேள்?"

"ஸ்வாமி அலமாரியில. பஞ்சாங்கத்துக்கு அடியில. பதில் போட பதினஞ்சு நாள் டயம் குடுத்திருந்தான். பதினாறாம் நாள் வெளியில எடுத்தேன்."

"எடுத்து?"

"டிராம்ல போறச்சே வெளியில விட்டெறிஞ்சேன்."

அலமுவின் கால்கள் தாமாகவே சமையலறைப் பக்கம் திரும்பின. நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்?"

அவர் காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போயிடுவேன்னு தெரியும்," என்றார். "நான் வரமாட்டேன்னும் தெரியும்."

யாரும் பெருமூச்சு விடவில்லை.

அவரே கேட்டார். "எப்பலேர்ந்து தெரியும் நோக்கு?"

"நாலு வருஷமா."

"கேக்கலையே?"

"கேக்கத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் காப்பி போடப் போயிட்டேன்."

"நெனச்சேன்," என்றார் அவர். "நேரம் கெட்ட நேரத்துல காப்பி வரும். இன்னிக்கும் தப்பிச்சோம்டான்னு குடிச்சுடுவேன்."

நாலு நாற்பத்தொன்று. அலமு கணினிக்கு ஓடினாள். வேதாவைக் காப்பி போடப் போகவிடாமல் உட்கார வைத்தாள். பஞ்சாங்கம், பதினாறாம் நாள், டிராம், கடைசியில் அந்த இரண்டு வாக்கியங்கள். தட்டத் தட்ட, முதுகுக்குப் பின்னால் அனந்தகிருஷ்ணன் வந்து நிற்பது தெரிந்தது.

"அப்படியேவா போடறே?"

"அப்படியேதான்."

"பேரு?"

"வேற பேரு."

"அந்த ஆளு… ரொம்பக் கெட்டவனா?"

"அதப் படிக்கறவா சொல்லட்டும். தள்ளி நில்லுங்கோ, வெளிச்சத்த மறைக்கறேள்."

நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் போல நீளமான இரண்டு நிமிஷம் கல்கத்தாவில் அதற்குமுன் ஓடியதில்லை; ஹௌரா பாலத்தில் போக்குவரத்துகூட நின்றதாகக் கேள்வி.

ஐந்தேகாலுக்குப் பன்னீர்செல்வம் கூப்பிட்டார். "வந்திடுச்சுங்க. பத்தொன்பதப் படிச்சேன், அச்சகத்துக்கு அனுப்பிட்டேன். ஒரு சந்தேகம்மா. அந்தாளு அப்படிச் சொன்னதும் அவ என்ன செஞ்சா? எழுதலியே?"

"இன்னும் ஒண்ணும் செய்யலை," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எண்ணிய பட்டாணியை அரைத்து, பூரி மாவுக்குள் வைத்துத் தாரா-தி கச்சூரி சுட்டாள். மூன்று மாடிக்கும் போயிற்று, பஸ் நிலையத்து டைம் கீப்பருக்குக்கூட ஒன்று கிடைத்தது என்றால் கிண்ணங்களின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை அலமு முந்நூறு பக்கத்தையும் நூலால் கட்டிக் கணவரின் மடியில் வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பதினோரு மணிக்கு அவர் பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தார். இரண்டு பக்கம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், நாற்காலியின் கைகளை ஊன்றிப் பாதி எழுந்தார்.

அலமு அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மறுபடி உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினார்.