வீராணம் போன ஞாயிற்றுக்கிழமை

கூட்டமாகச் சைக்கிளில் ஊர் சுற்றுவதைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். போய்ப் பட்டவனைக் கேட்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டராக இருந்தபோது, நாங்கள் ஐந்து பேர் வீராணம் ஏரிக்குச் சைக்கிள் மிதித்தோம். போக வர எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தக் களைப்பு எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

யோசனை எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஃபிட்டருடையது. தை மாதம், ஏரி ததும்பிக் கிடக்கிறது, இதைப் பார்க்காதவன் மனுஷனே இல்லை என்று ஒரு வாரமாக உசுப்பேற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஞாயிறு லீவு. டைம் ஆபீஸ் கிளார்க் ஒருவர், ஃபிட்டருடைய செட்டில் இரண்டு பேர், அவர்களுக்கும் லீவு. எனக்கு மட்டும் செகண்ட் ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி. ஷிப்டில் கிடப்பவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. செகண்ட் ஷிப்ட் வாரம் வந்துவிட்டால் காலைப்பொழுது முழுக்க நமக்கு ஓசியில் கிடைத்தது என்று நினைப்போம். முந்தின ராத்திரி பத்து மணி வரை வேலை பார்த்ததை மறந்தே போவோம்.

சனிக்கிழமை மதியம் நான் டியூட்டி மாற்றப் போனபோதே வினை தொடங்கிவிட்டது. பழுப்பு நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கேபின். அங்கே எந்நேரமும் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரன், அதாவது ரிலீவர், வந்து எதிரில் நின்றால்தான் இருக்கிறவர் எழுந்திருக்கலாம். அவன் வராவிட்டால் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு முந்தின ஷிப்டில் இருந்தவர் கம்மாபுரம் பக்கத்து விவசாயி. வயலும் உண்டு, சுரங்க வேலையும் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாளைக்கி எம் பொண்ண மெட்ராசுக்கு இட்டுக்கினு போறேன். நர்சு படிப்புல எடம் கெடச்சிருக்குது. நாலு மணிக்கு விருத்தாசலத்துல பஸ்சு, அவ பொட்டியோட நேரா அங்க வந்துடுவா. எம் மச்சான் அந்த பஸ்சுக்குத்தான் மெட்ராசுல வந்து நிக்கிறேன்னு லெட்டர் போட்டுக்கிறாரு. நீங்க ரெண்டு மணிக்கு வந்துட்டா நான் ஓடிப் புடிச்சிடுவேன்."

"நான் வராம வேற யாரு அண்ணே வரப்போறா? நீங்க கவலையே படாதீங்க" என்றேன்.

"அவ விருத்தாசலத்தத் தாண்டி எங்கயும் போனதில்லிங்க. ரெண்டு நாளா சரியா சோறு துன்னல, பயம். நான் கூட வரேன்னு சொல்லித்தான் தேத்தி வச்சிருக்கேன்" என்றார். திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டதையும் சொன்னார்.

இதை ஃபிட்டரிடம் சொல்லி, நான் வரவில்லை என்று அன்றிரவே கழன்றிருக்கலாம். சொன்னேன், கழலவில்லை. "ரெண்டு மணி என்னய்யா, பன்னெண்டுக்கே உன்ன வீட்டு வாசல்ல இறக்கிவிடுறேன்" என்றார் அவர். நானும் பல்லை இளித்தேன்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். நான் தூங்கியது நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். கண்ணில் மண்ணைக் கொட்டினாற்போல ஒரே உறுத்தல். வடலூரில் டீ குடித்துவிட்டுத் தெற்கே திரும்பியதும் ஒரு அதிசயம் நடந்தது. சைக்கிள் தானாகப் போக ஆரம்பித்தது! பெடலில் காலை வைத்தால் போதும், பறக்கிறது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சுரங்கத்தில் படியேறி இறங்கின கால் என்றால் சும்மாவா என்று கிளார்க் தன் தொடையைத் தட்டிக்கொண்டார். டவுன்ஷிப்பில் ரோட்டுக்கு ரோடு மரம், பிளாக்குக்கு பிளாக் தோப்பு. வருஷக்கணக்கில் அந்த நிழலிலேயே மிதித்த எங்களுக்குக் காற்று என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

சேத்தியாத்தோப்பு டீக்கடையில் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வாட தள்ளிக்கினு வருது. போவ சொல்ல ஒண்ணும் தெரியாது. வர சொல்லத்தான் தெரியும்" என்றார். வாடைக்காற்று முதுகில் தள்ளுவது போகும்போது தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும் என்கிறார். ஃபிட்டர் அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்தார்.

ஏரி அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் வாய் வெந்துபோகும். கரைமேல் ரோடு. ஒருபக்கம் கண்ணுக்கு எட்டினமட்டும் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் பழுத்த நெல். நாரைகள் கூட்டம் கூட்டமாக நின்றன. எல்லாவற்றையும் நான் பாதிக்கண்ணில் பார்த்தேன். லால்பேட்டையில் ஆளுக்கு எட்டு இட்லி தின்றோம். பிறகு கரையோரம் மரத்தடியில் சாய்ந்தவர்கள் ஒரு மணி நேரம் அசந்துவிட்டோம். எழுந்தபோது ஒன்பதரை.

திரும்பின பிறகுதான் வாடைக்காற்று தன் முகத்தைக் காட்டியது. ஏரித் தண்ணீர்மேல் தடையில்லாமல் வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நகர மறுத்தது. போகும்போது பாடிய பாட்டெல்லாம் நின்றுவிட்டது. கிளார்க்குக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, மைலுக்கு ஒருமுறை இறங்கி உருவிவிட வேண்டியிருந்தது. சேத்தியாத்தோப்பு வந்தபோது மணி பன்னிரண்டு. எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அங்கே வடலூர் வழியாகப் போகும் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. சைக்கிளை மேலே ஏற்றலாமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். "ஏத்துங்க, கட்டறதுக்கு கயிறு கீது" என்றார் அவர். ஃபிட்டருக்கு அது கேட்டுவிட்டது.

"ஏம்ப்பா, மெதிச்சுக்கிட்டு வந்தவன் பஸ்ல போறான், எல்லாரும் வந்து பாருங்க! புளிமூட்டையா இருந்தா நாங்களே ஏத்திவிட்டிருப்போமே!"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிளார்க்கும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. "சும்மா கேட்டேன்யா" என்றேன். பஸ் கிளம்பிப் போயிற்று. காற்றின் மேலும் கிளார்க்கின் கால் மேலும் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒட்டவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் செய்ததுதான் எல்லாம். வெறும் வீம்பு. அந்த மனுஷர் அங்கே என்னை நம்பி உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தும் ஏறவில்லை.

சேத்தியாத்தோப்புக்கு வடக்கே ரோடு முழுக்க நெற்கதிரைப் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் போரடிக்கிற வேலை மிச்சம். சைக்கிளுக்கு அது எமன். வைக்கோல் சுற்றிச் சுற்றிப் பின்சக்கரத்து பிரீவீலில் இறுகிக்கொண்டது. இறங்கி, பிய்த்து எறிந்து, ஏறி, மறுபடி இறங்கி. விரலெல்லாம் கிரீஸும் ரத்தமும். கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, "பாவம், எந்த ஊரு புள்ளிங்களோ, இந்த வெயில்ல வந்து மாட்டிக்கினு கெடக்குதுங்க" என்றாள். ஒரு மணிக்கு மற்றவர்களை விட்டுவிட்டு நான் தனியாக மிதித்தேன். வடலூரைத் தாண்டும்போது கடையில் எட்டிப் பார்த்தேன், மணி இரண்டே கால். வீட்டுக்குப் போகவில்லை, யூனிபாரம் இல்லை, நேரே சுரங்கத்துக்குத்தான் போனேன். கேபினில் நுழையும்போது மூன்று இருபது.

அவர் வேட்டி சட்டைக்கு மாறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் கேட்டு ஃபோர்மேனுக்கு நாலு தடவை போன் பண்ணினாராம். ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை என்றுவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். நாலு அறை அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார். "எங்கியாவது லாரி கீரில அடிபட்டுட்டீங்களோன்னு ஒரே பயமா பூடுச்சு." சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

எப்படியும் பிடித்திருப்பார், பஸ் என்றைக்குச் சரியான நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த ஷிப்டை ஓட்டினேன்.

மறுநாள் மதியம் டியூட்டிக்குப் போனேன். அவர் லீவு, வேறு யாராவது இருப்பார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், அவரே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பஸ்?"

"நான் போவ சொல்ல அஞ்சாயிடுச்சு. அவ பூட்டா."

"தனியாவா?"

"மாமா வந்து நிப்பாரே, இந்த பஸ்ச வுட்டா தேடுவாரேன்னு அவளே ஏறிட்டாளாம். டிக்கெட்டு கொடுக்கிறவரு சொன்னாரு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், ஏரி, காற்று, வைக்கோல், ஏறாமல் விட்ட பஸ் உட்பட. அவர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ராத்திரி பஸ்ஸிலாவது பின்னாலேயே போயிருக்கலாமே என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது, தெரியவில்லை.

"போயி? காலையில ஆஸ்டல்ல சேத்துக்கினு இருப்பாங்க. கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு என்ன பண்றது." எழுந்து டார்ச்சை என் கையில் கொடுத்தார். "ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க, அழுதுக்கினே போனாளா, தைரியமா போனாளான்னு. எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் அங்க இல்லியே."