அரிக்காத படர்தாமரை

சவூதியிலிருந்து லீவில் தென்காசிக்கு வந்திறங்கியபோது என் மகளுக்கு எட்டு மாதம். அதுவரை போனில்தான் பார்த்திருந்தேன். வந்த நாளிலிருந்து அவள் என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. நானும் இறக்கிவிடவில்லை.

என் முதுகில், வலது தோளுக்குக் கீழே, வளையல் அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. ஓரம் சிவந்து தடித்திருக்கும், நடுவில் வெளுத்திருக்கும். படர்தாமரை என்று சவூதியில் ரூமில் கூட இருந்த எல்லோரும் சொன்னார்கள். வேர்க்க வேர்க்க லாரி ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வரும்? ஆயின்ட்மென்ட் மூன்று டியூப் தீர்ந்தும் வட்டம் அசையவில்லை. சீசன் தொடங்கட்டும், எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் நின்றால் ஓடிவிடும் என்று நானே முடிவுகட்டினேன். எங்கள் ஊர்க்காரனுக்கு எந்த வியாதிக்கும் அருவிதான் முதல் டாக்டர்.

அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அந்த இடத்தில் கை வைத்ததும் நிறுத்தினார்.

"பாய், இங்கன அரிக்குதா?"

"இல்ல."

"கிள்ளினா தெரியுதா?"

"கிள்ளுங்க பாப்போம்."

"கிள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. தேய்க்க வந்தவர் தேய்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே.

"அரிக்காத படர்தாமரைய நான் பாத்ததில்ல பாய். ஆஸ்பத்திரில காட்டிருங்க," என்றார். எத்தனையோ முதுகைப் பார்த்த மனுஷன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். எங்கே தொட்டார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொழுநோய் என்றார். "பாக்க அப்படியே படர்தாமரை மாதிரி இருக்கும், நிறைய பேர் ஏமாந்துருவாங்க. மாத்திரையை விடாம போட்டா குணமாயிரும். பிள்ளையைத் தாராளமா தூக்கலாம்." மனைவியையும் மகளையும் வரச்சொல்லிப் பார்த்தார். இருவருக்கும் ஒன்றுமில்லை.

எல்லாம் கேட்டேன்தான். ஆனால் வீட்டுக்கு வந்து மகள் கையை நீட்டியதும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான்கு நாள் அவளைத் தொடவில்லை. அவள் அழும்போதெல்லாம் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்தேன். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை போட்டாச்சா மச்சான்?"

"போட்டாச்சு. பிள்ளைய இங்கன கொண்டு வராத."

"அவ வந்து எவ்வளவு நேரமாச்சு. நான்தான் தூக்கிப் பிடிச்சிருக்கேன். அந்த வட்டத்துலயே வாய வச்சு எச்சி பண்ணிக்கிட்டிருக்கா."

எனக்குத் தெரியவே இல்லை. என் பிள்ளையின் வாய் பட்டது தெரியாமல் கிடந்திருக்கிறேனே என்று ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பிப் படுத்து, அவளை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டேன். எச்சில் வழிய என் கழுத்தில் முகத்தை வைத்து அழுத்தினாள். அது தெரிந்தது.