தொப்பிக்காரன் ஊரில் ஒரு பழி

விளையாட்டுக் கேசட்டின் வாயில் உதட்டை வைத்து ஊதும்போது நாக்கு நுனியில் ஒரு சுவை தட்டும்; பழைய இருபது காசை வாயில் போட்டுக்கொண்டதுபோல, கொஞ்சம் உப்பும் கொஞ்சம் துருவுமாக. ஊதினால்தான் ஆட்டம் ஓடும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் தீவின் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் நாங்கள் குடியிருந்தபோது, ஆறாம் ஆண்டுத் தேர்வை நன்றாக எழுதியதற்காக அப்பா எனக்கு வாங்கித் தந்த 'டிவி கேம்' அது. எனக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இத்தனை ஆண்டு கழித்தும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது.

அந்த ஆட்டத்துக்குள் பல நாடுகள் இருந்தன. ஒன்றில் நெருப்பு கக்கும் நாகங்கள், இன்னொன்றில் தாடி வைத்த மந்திரவாதிகள். எனக்குப் பிடித்தது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நாடு மட்டும்தான். அங்கே எல்லாரும் அகன்ற தொப்பியில் இறகு செருகி, நீல அங்கி போர்த்தி, இடுப்பில் மெல்லிய வாளும் தோளில் நீளத் துப்பாக்கியுமாகக் குதிரைமேல் திரிவார்கள்; அரசியின் காவல்படை. நாங்கள் அதைத் 'தொப்பிக்காரன் ஊர்' என்போம். புதிதாக அங்கே போகிறவர் முதலில் லாயத்தில் சாணி அள்ள வேண்டும். பிறகு வெல்லும் ஒவ்வொரு சண்டைக்கும் ஓர் இறகு, ஏழு இறகு சேர்ந்தால் படையில் இடம். வீரருக்கு நான்கு ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கலாம். வாணி என்ற என் பெயர் சரியாக நான்கு எழுத்து. தொப்பியின் நிழலில் முகம் தெரியாது, ஆணா பெண்ணா என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. பள்ளி விடுமுறை தொடங்கியபோது வாணியிடம் ஆறு இறகுகள் இருந்தன.

அப்போதுதான் மணியம் வந்தான். சின்னம்மாவின் மகன், என்னைவிட ஒரு வயது இளையவன். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் பைராம் தோட்டத்திலிருந்து தாயும் மகனும் விடுமுறை முழுக்க எங்களோடு தங்க வந்திருந்தார்கள். முதல் சனிக்கிழமை நான் தேவார வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவன் தொலைக்காட்சிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒருவன் சாணி அள்ளிக்கொண்டிருந்தான். அவன் தலைக்குமேல் மணி என்று இருந்தது.

அந்தக் கேசட் ஒரே ஓர் ஆளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். புதிய ஆளைத் தொடங்கினால், பழைய ஆள் அழிந்துபோவார், திரும்ப வரமாட்டார், சம்மதமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். மணியத்துக்கு அப்போது அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. சம்மதம் என்று அமுக்கியிருக்கிறான்.

"என் ஆளு எங்கடா?" என்றேன்.

"லாயத்துக்குள்ள தேடிப் பாருக்கா, சாணிக்கு அடியில இருப்பா," என்று சிரித்தான். "பொம்பளைக்கு எதுக்குத் தொப்பி? ஜடை மாட்டிக்கும் லா."

அழிந்ததற்காகக்கூட அல்ல, அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அவன் முதுகில் குத்தினேன். அம்மா ஓடிவந்து என்னைத்தான் இழுத்தாள். "பொம்மைதானே, இன்னொரு தடவை ஆடிக்க. தம்பி எப்பவாச்சும்தான் வர்றான்." அப்பா நாளிதழிலிருந்து தலையைத் தூக்கி, "வீட்டுக்கு வந்த பிள்ளையை அழ வைக்காத," என்றார். அவன் அழவே இல்லை, அழுதவள் நான். விடுமுறை முடியும்வரை ஆட்டம் தம்பிக்குத்தான் என்று தீர்ப்பானது. எனக்கு வாங்கித் தந்த பொருளை என்னைக் கேட்காமலே அவனுக்குக் கொடுத்தார்கள்.

அன்றைக்குச் சமையலறை ஜன்னலோரம் நின்று, மலைமேல் மழை இறங்குவதைப் பார்த்தபடி நான் ஒரு முடிவுக்கு வந்தேன். படிக்கத் தெரியாமல் என்னை அழித்தவனை, படித்துக் காட்டியே அழிக்க வேண்டும்.

மறுநாள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் படிச்சுச் சொல்றேன், நீ ஆடு," என்றேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. தோட்டத்தில் அரசாங்கக் கடிதம் வந்தால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கொண்டுபோய் நின்றுதான் கேட்டுக்கொள்வார்களாம். "நீதான் எனக்குக் கிராணி," என்று சொல்லி, சின்னம்மா வாங்கி வந்த, வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங்கில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினான். நான் அதைத் தின்றேன். மூன்று வாரம் ஒரு சொல் பிசகாமல் படித்தேன். பாலத்துக்கு அடியில் பதுங்கியிருப்பவனைப் பற்றிய எச்சரிக்கை, அரசியின் மோதிரம் எந்தப் பெட்டியில் என்பது, எந்தப் பாதிரியார் வேவுக்காரர் என்பது, எல்லாவற்றையும் தமிழில் ஒப்பித்தேன். என் சொல்லால்தான் அவன் இறகுக்குமேல் இறகு சேர்த்தான். ஒவ்வோர் இறகும் செருகப்படும்போது என் வயிறு எரியும். இன்னும் ஏறட்டும், விழும்போது உயரத்திலிருந்து விழட்டும் என்று பொறுத்துக்கொள்வேன்.

அவர்கள் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அந்த இடம் வந்தது. ஏழு இறகும் செருகிய மணி, கோட்டைக்குள் ஒரு துரோகிப் பிரபுவின் முன் நின்றான். பிரபு கேட்டது இதுதான்: உன் வாளையும் இறகுகளையும் அங்கியையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பேரில்லாதவனாகப் போய்விடு, இதற்குப்பின் திரும்ப வழியில்லை, சம்மதமா?

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "அரசி ஒன்னை தளபதி ஆக்குறாங்களாம். சம்மதமான்னு கேக்குறாங்க."

"நல்லா படிச்சியாக்கா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

அவன் உடனே அமுக்கவில்லை. எழுந்து ஓடி எல்லாரையும் கூட்டிவந்தான். ஈரக் கையைத் துடைத்தபடி சின்னம்மா, கரண்டியோடு அம்மா, சட்டை போடாத அப்பா. "பாருங்க, நான் தளபதி ஆகப்போறேன்," என்று சொல்லி அமுக்கினான். தொப்பி விழுந்தது. இறகுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அங்கி உருவப்பட்டது. திரை கறுத்து, ஆட்டம் தொடங்கும் பக்கம் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வெறும் கோடுகள்.

"இதான் தளபதியாடா?" என்று சின்னம்மா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்காகத்தானே மூன்று வாரம் காத்திருந்தேன். உதடு துடித்தது, கண் நிறைந்தது. இப்போது என் பக்கம் திரும்புவான், தெரிந்துகொள்வான், நான் 'ஜடை மாட்டிக்கும்' என்று சொல்வேன் என்று சொல்லைத் தயாராக வைத்திருந்தேன்.

அவன் திரும்பினான். "நான்தான் தப்பா அமுக்கிட்டேன்க்கா," என்றான். "நீ இவ்ளோ நாள் படிச்சதெல்லாம் வீணாப் போச்சு." தன் கட்டை விரலைத் தானே ஓங்கி அடித்துக்கொண்டான்.

அவன்மேல் எனக்கு அன்று வந்த கோபம் முதல் நாள் கோபத்தைவிடப் பெரிது. யார் அடித்தார்கள் என்று தெரியாதவனை அடித்து என்ன பயன்? பழிவாங்கப்பட்டவன் அதைப் பழி என்று அறியவே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். விழுங்கினேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். பதின்மூன்று வயது. போன வாரம் அவள் தோழியின் தாயார் போன் செய்தார். தோழி இரண்டு வருடமாகக் கைப்பேசி ஆட்டத்தில் கட்டிய நகரத்தை யாரோ உள்ளே புகுந்து செங்கல் செங்கலாக அழித்துவிட்டார்களாம், பிள்ளை சாப்பிடவில்லையாம். கடவுச்சொல் என் மகளுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டேன். மறுக்கவில்லை. "அவதான் மொதல்ல செஞ்சா ம்மா. நான்தான்னு அவளுக்குத் தெரியாது," என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. அவளைத் திட்ட வாய் திறந்தேன். ஆனால் முதலில் நாக்குக்கு வந்த கேள்வி வேறு: அந்தத் தோழியின் முகம் எப்படி இருந்தது?

கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொப்பிக்காரன் ஊர்க் கதையைச் சொல்லி, தோழியிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். முழுதும் கேட்டுவிட்டு, "மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப என்னை மட்டும் ஏன் சொல்லச் சொல்றீங்க?"

அந்த டிவி கேம் எந்தக் குப்பையில் போனதோ. கேசட்டுக்குள் இருந்த சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கும். அதற்குள் இப்போது வாணியும் இல்லை, மணியும் இல்லை. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அன்று கூடி நின்று சிரித்தவர்களில் என் அப்பாவும் சின்னம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. அந்த ஆறு இறகுகளுக்காக மட்டும் நான் இன்னும் மணியத்தை மன்னிக்கவில்லை.

மணியம் புக்கிட் மெர்தாஜாமில் நான்கு லோரி வைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் எது வந்தாலும் கடல்மேல் பாலம் கடந்து தீவுக்கு என்னிடம்தான் கொண்டுவருவான். நேற்றும் வந்தான், லோரி நிறுத்தும் இடத்துக்கான புது ஒப்பந்தத்தோடு. நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவள் விரல் என் குரலுக்குக் கீழே தாளில் நகர்ந்துகொண்டே வந்தது.

கடைசிப் பக்கம். மணியம் பேனாவைத் திறந்தான்.

"நல்லா படிச்சியாக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "நானும் கூடவே படிச்சேன் மாமா. அம்மா இந்தத் தடவை சரியாத்தான் சொன்னாங்க."