கோணல் பின்னலுக்கு ஒரு ஸ்தோத்திரம்

திருவனந்தபுரத்தில் தமிழில் ஆராதனை நடக்கும் சின்ன சபை எங்களுடையது. கடவுளுக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போடுவார்கள். போதகர் அதைச் சத்தமாக வாசிப்பார். எழுதியவர் முன்னால் போய் முழங்காலிட வேண்டும். மகனுக்கு விசா, மகளுக்கு நர்சிங் சீட், புதுக் கார். நன்றி என்ற பெயரில் பீற்றல். அன்றைக்கும் எனக்கு அது பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அம்மா ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தாள். விடிந்ததும் பஸ் பிடிக்க ஓடுவாள். சபையில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்பா ஞாயிறுதோறும் பழைய ஆபீஸ் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வருவார்.

எனக்குத் தலை பின்னும் வேலை அப்பாவுக்கு வந்தது. ஒரு பின்னல் காதுக்கு மேலே தொடங்கும், மற்றது கழுத்துக்குப் பக்கத்தில். பள்ளியில் சிரித்த ஒருத்தியைத் தள்ளிவிட்டேன். நான் எழும்புமுன் வேலைக்குப் போய், தூங்கியபின் வந்துகொண்டிருந்த மனிதர் அப்பா. இப்போது பின்னி முடிக்கும்வரை என்னோடு பேசினார்.

ஆகவே சீட்டு எழுதினேன்: “அப்பாவுக்கு வேலை போனதற்காக ஸ்தோத்திரம். இப்போது தினமும் அப்பாதான் எனக்குத் தலை பின்னுகிறார்.” பெயர் போடவில்லை. பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

போதகர் பழக்க வேகத்தில் முழுவதையும் வாசித்துவிட்டு அப்புறம்தான் நிமிர்ந்தார். ஒவ்வொருவராகத் திரும்பி என் பின்னல்களைப் பார்த்தார்கள். அன்று காலையில் அம்மா அவற்றை அவிழ்க்க வந்தபோது நான்தான் விடவில்லை.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “எழும்பாத, பிள்ளே. அனங்காம இரி.”

அப்பா எழுந்துவிட்டார். பெண்கள் பக்கம் வந்து என் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனார். இருவரும் முழங்காலிட்டோம். அப்பா “ஆமென்” என்று சொன்னது கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

வெளியே ஒரு அக்கா அப்பாவை மடக்கினார். “பின்னல் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. வகிடுதான் பொன்முடி மலை ரோடு கணக்கா வளைஞ்சு போவுது, கேட்டோ.”

“ஒரு மாசம் தா. நேராக்கிருதேன்” என்றார் அப்பா.

பிறகு பாடகர் குழுவில் பாடும் மாமா அப்பாவைச் சுவரோரம் அழைத்துப்போனார்; அப்பா கையைப் பிடித்தபடி நானும் போனேன். போன மாதம் பதவி உயர்வுக்கு ஸ்தோத்திரம் சொன்னவர். “எனக்கு வேல போயி நாலு மாசமாச்சு, அண்ணே. வீட்டுல தெரியாது. தெனமும் டிபனத் தூக்கிட்டு மியூசியம் பெஞ்சுல போய் இருக்கேன்.”

“நாளைக்கு நம்ம வீட்டுக்கு வா. இவளுக்குத் தலைய பின்னிவிட்டுட்டு ரெண்டுபேருமா வேல தேடப் போவோம்.”

வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று இருந்தேன். அம்மா சோறு போட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள். மறுநாள் மாமா டிபனோடு வந்து, அப்பா பின்னி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். என் தலையையே பார்த்தவர் திடீரென்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பெரிய மனிதர் பார்த்து அழும் அளவுக்கா பின்னல் மோசம் என்று அப்பாவிடம் சண்டை போட்டு, இரண்டையும் அவிழ்த்து மறுபடி பின்னச் சொன்னேன்.