குற்றாலத்தில் அப்பாவின் காலில் விழுந்த குழி

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நானும் அப்பாவும் கடையத்திலிருந்து குற்றாலம் கிளம்பினோம். காரணம் அப்பாவின் சிறுநீர். வெட்கப்பட்டால் இதை எழுத முடியாது என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நான்கு நாட்களாக அது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனது. காலையில் எழுந்தால் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. எங்கள் ஊரில் இதற்கு ஒரே பெயர், சூடு. மருந்து, இளநீரும் எண்ணெய் தேய்த்த அருவிக் குளியலும். (தினமும் மூன்று இளநீர் வாங்கிக் கொடுத்தது நான்தான். பதினோராம் வகுப்பில் உயிரியல் வேறு படிக்கிறேன்!)

காலை 7.10க்குப் பேருந்து. தென்காசிக்கு முக்கால் மணி நேரம். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மலை கூடவே வரும். அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்தான். இறங்கும்போதே சாரல் முகத்தில் அடித்தது.

பேரருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்ப்பவர்கள் வரிசையாக இருப்பார்கள். ஒருவர் அப்பாவின் முடிவெட்டைப் பார்த்தே, "வாங்க ஏட்டையா!" என்றார். அப்பா உண்மையிலேயே போலீஸ் ஏட்டுதான். வலது காலை எண்ணெய் விட்டு அழுத்தியவர், விரலை எடுத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பதிந்த குழி நிரம்பவே இல்லை.

"ஒண்ணுக்கு எப்படிப் போவுது?"

"கருப்பாத்தான். சூடுல்லா."

அவர் துண்டில் கையைத் துடைத்தார். "நான் தேய்க்க மாட்டேன். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் குழி விழுந்துச்சு, கிட்னின்னு சொன்னாவ. டாக்டரைப் பாருங்க."

"யோவ், போலீஸ்காரன்கிட்டயே ஆர்டர் போடுதியா?"

"சட்டையை மாட்டுங்க ஏட்டையா. ஏட்டி பாப்பா, உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போ."

அருவியை எட்டிக்கூடப் பார்க்காமல், ஒற்றைக் காலில் மட்டும் எண்ணெயோடு அப்பா ஆட்டோவில் ஏறினார். தென்காசி ஆஸ்பத்திரிக்கு இருநூறு ரூபாய்.

ரத்த அழுத்தம் 170. சிறுநீரில் ரத்தமும் புரதமும். "சமீபத்துல காய்ச்சல், புண்ணு ஏதாச்சும்?" என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வாரம் முன்பு திருவிழா பந்தோபஸ்தில் புது பூட்ஸ் கடித்து, குதிகாலில் சீழ் வைத்திருந்தது. பவுடர் போட்டே ஆற்றிவிட்டார். அதையும், தினமும் கொடுத்த மூன்று இளநீரையும் சொன்னேன். டாக்டரம்மா எனக்கு விளக்கினார்: புண் ஆறினாலும், கிருமியோடு உடல் போட்ட சண்டையின் மிச்சம் சிறுநீரக வடிகட்டிகளில் தங்கி அவற்றை வீங்கவைக்கும்.

"சரியாயிருமா டாக்டர்?"

"சின்னப் பிள்ளையளுக்குப் பெரும்பாலும் சரியாயிரும். பெரியவங்களுக்கு உறுதி சொல்ல முடியாது. மொதல்ல அந்த இளநீரை நிறுத்துங்க. கிட்னி சரியில்லாதப்ப அதுல உள்ள பொட்டாசியம் ஆபத்து."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஆறு நாள் வார்டு. உப்பும் தண்ணீரும் அளந்துதான். குடித்த ஒவ்வொரு டம்ளரையும் அப்பாவே நேரம் போட்டு எழுதிவைத்தார். நான்காம் நாள் காலை கழிவறையிலிருந்து, "ஏட்டி! வெளுத்துருச்சு!" என்று ஒரு சத்தம். வார்டே சிரித்தது.

குற்றாலம் போகிறவர்களுக்கு: ஆடியில் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், கூட்டம் குறைவு. வீட்டில் பெரியவர்களுக்குப் புண்ணோ தொண்டை வலியோ வந்து சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கருத்தால், முதலில் அதைப் பரிசோதியுங்கள். எண்ணெயும் இளநீரும் பிறகு.

இன்று காலை அப்பாவின் புதுப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரில் ரத்தம் இல்லை. புரதம் மட்டும் கொஞ்சம் போகிறது, மாதாமாதம் பார்க்க வேண்டுமாம். "கொஞ்சம்தானே, விட்டுப் பிடிப்போம்" என்கிறார் ஏட்டையா.