கேசட்டின் இரண்டாம் பக்கம்

எண்பத்தேழு தை மாதம், கடற்கரை ஊர் ஒன்றின் கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டோடு போனேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். அறுபது நிமிடம்.

அதில் பாட்டு கிடையாது. எங்கள் ஊர்ப் பம்பைக்காரர் இருவர் அடித்தது, பெங்களூர் விடுதியில் அறைத்தோழன் பேஸ் கிட்டாரில் வாசித்தது. இரண்டையும் இரண்டு டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு நானே சேர்த்தேன். எட்டு மாதம் ஆனது. எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்தவனுக்கு அது மட்டும்தான் இருந்தது. ஊரில் ஒருமுறை போட்டேன். "என்னங்க, மாவு மில்லு ஓடுதுங்களா?" என்று கேட்டார்கள். கடற்கரையில் வேறு மாதிரி கேட்பார்கள் என்று நம்பினேன்.

மைக் செட் சூசை மாமாவுடையது. அம்மாவின் தம்பி. எங்கள் தேவாலயத்திலிருந்து அங்கே மாற்றலாகிப் போன பங்குச் சாமியார் சொல்லி, கடற்கரையிலிருந்து விழாக் கமிட்டித் தலைவர் மரியதாஸ் எங்கள் வீட்டுக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் எங்கள் பக்கம் வெற்றிலை மாற்றாமல் செட் ஊர் தாண்டாது. இன்னொரு விதியும் உண்டு. ஓடுகிற செட்டை நிறுத்தச் சொல்லும் உரிமை வெற்றிலை வைத்தவருக்கு மட்டும்தான். குடித்துவிட்டு ஆளாளுக்கு "நிறுத்து", "போடு" என்று வருகிறவர்களிடமிருந்து தப்பிக்க யாரோ கண்டுபிடித்த விதி. நல்ல விதி என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்குக் கூலி வேண்டாம் என்றேன். திருவிழா அன்று காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, ஏழு மணிப் பூசைக்கு முன், என் கேசட். மாமா ஒப்புக்கொண்டார். மரியதாஸும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நான்கு கிலோமீட்டர், மாட்டு வண்டியில். காலை பாசஞ்சர். சேலத்துக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய், சாமானுக்கு எட்டு. சேலத்திலிருந்து கடலூருக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், பஸ்ஸில் பத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு. நான் செய்த பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் கூரையில் ஏற்றும்போது கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னங்க, பொணமா?"

"சத்தங்க," என்றார் மாமா. "அதுக்கும் டிக்கெட் போடுவீங்களா?"

கடலூரிலிருந்து தெற்கே இருபத்திரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ். ஊரின் பெயரை எழுதவில்லை.

மாலை நான்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கோயில், அதன் பக்கத்தில் மணிக்கூண்டு, அப்புறம் மணல். சற்று வடக்கே ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம். படகுகள் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். அதற்கு மேல் எதையும் நான் பார்க்கவில்லை. பெட்டிகளைக் கடலைப் பார்த்து வைத்தேன். யாருக்காக என்று யோசிக்கவில்லை.

ஏழரை மணிக்கு மரியதாஸ் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி ஸ்தெல்லா பரிமாறினார். மாமா இலையைப் பார்த்தார்.

"எங்கூர் ஏரியிலயாவது கெளுத்தி கெடைக்குங்க. கடலுக்கு வந்து சாம்பாருங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "திருநாளுக்கு யாரும் கடலுக்குப் போவறது இல்ல," என்றார் ஸ்தெல்லா. மரியதாஸ் அவரை மறித்து, "விருந்தாளி கேட்டுட்டாரே. காலையில பாருங்க மாமா," என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

காலை ஐந்தரை. பனி. பத்தடிக்கு அப்பால் கடல் இல்லை, அதன் ஓசை மட்டும். மாமா டீக்கடைக்குப் போயிருந்தார். கேசட்டைப் போட்டேன். பம்பை அதிர்ந்தது. பேஸ் மணலுக்குள் இறங்கி உள்ளங்காலில் ஏறியது. இருபத்து நான்கு வயதில் முதல்முறையாக, நான் நினைத்தது வெளியே கேட்டது.

பத்து நிமிடம் இருக்கும். ஸ்தெல்லா வந்தார். முக்காடு, வெறுங்கால்.

"தம்பி, அத நிறுத்துங்க. மணி கேக்கணும்."

பூசை மணி என்று எடுத்துக்கொண்டேன். ஊரில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் இப்படித்தான். நான் எதைப் போட்டாலும் சாமிக்கு ஆகாது. எரிச்சல் வந்தது.

"வெத்தல வச்சவங்க சொன்னாத்தாங்க நிறுத்துவோம். தலைவர் வந்து சொல்லட்டும்."

அவர் என்னையே பார்த்தார்.

"அவரு வந்து சொல்லணுமா?"

தண்ணீர் ஓரம் போய், எனக்கு முதுகு காட்டி, இரண்டு கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் இன்னும் நான்கைந்து பெண்கள், அதே போல. நான் கவிதை எழுதும் நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினேன்: பனிக்குக் காது கொடுத்து நிற்கும் பெண்கள்.

ஆறு மணிக்கு முதல் பக்கம் முடிந்தது.

பத்து விநாடி அமைதி. அப்போது மணி கேட்டது. பூசைக்கு அடிப்பது போல இல்லை. அவசரமாக, விடாமல், கை ஓயாமல் யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டேன். கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

மாமா டீக்கடையிலிருந்து ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார். "டேய் மாப்ள! படகு வரலடா! மணிய வச்சுத்தான் வழி புடிக்கணுமாம்!"

மரியதாஸும் அவர் தம்பி ராயப்பனும் இன்னொருவரும் விருந்துக்கு மீன் பிடிக்க விடிவதற்கு முன்பே போயிருந்தார்கள். பனி இறங்கினால் கரையில் மணி அடிப்பார்கள். படகு மணியைக் கேட்டு முகத்துவாரத்தைக் கண்டுபிடிக்கும். கரையில் இருப்பவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் குரல் கொடுப்பார்கள். அன்று கடலிலும் கரையிலும் கேட்டது என் கேசட் மட்டும். படகு வழி தவறி மணல்திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். ராயப்பன் வரவில்லை. மறுநாள் தெற்கே மூன்று கிலோமீட்டரில் கிடைத்தார்.

நீந்தி வந்த மரியதாஸ் நேராகச் செட்டிடம் வந்தார். உடம்பெல்லாம் மணல். கத்தவில்லை. நான் சொன்னதை மனைவி சொல்லியிருக்க வேண்டும்.

"வெத்தல வச்சவன் சொல்றேன். நிறுத்திக்கிட்டு வூட்டுக்குப் போங்க."

செட் ஏற்கெனவே நின்றிருந்தது.

திரும்பும் பாசஞ்சரில் மொரப்பூர் வரும்வரை மாமா ஒன்றே ஒன்று சொன்னார். "மீனு கேட்டது நாந்தான் மாப்ள." ஸ்தெல்லா வந்ததை அவரிடம் சொன்னேன். அந்தப் பத்து விநாடியைச் சொல்லவில்லை. இன்றுவரை அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். விட்டுவைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் செட்டோடு போகிறவர்களுக்குச் சில விவரங்கள். சேலத்தில் கடலூர் பஸ் ஏறும்போது கனமான சாமானைக் கூரையின் முன்பக்கம் கட்டச் சொல்லுங்கள், பின்பக்கம் குலுங்கும். உப்புக் காற்றில் ஸ்பீக்கர் காகிதம் ஒரே நாளில் நமத்துப்போகும், பாலிதீன் கொண்டுபோங்கள். தை, மாசியில் விடியற்காலை பனி இருக்கும். செட் கட்டுவதற்கு முன் மணிக்கூண்டு எங்கே, முகத்துவாரம் எங்கே என்று கேளுங்கள். யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துங்கள். யார் சொன்னாலும்.

கேசட் என்னிடம் இருக்கிறது. மாமா ஒயரைப் பிடுங்கிய இடத்திலேயே, இரண்டாம் பக்கத்தின் முதல் சில நிமிடங்களில், நிற்கிறது. நோட்டும் இருக்கிறது. அந்த வரியை அடித்துவிட எத்தனையோ முறை பேனாவை எடுத்தேன். நல்ல வரி. அடிக்கவில்லை.