பல்லியின் காது

ஊர் அவனைப் பல்லி என்றுதான் கூப்பிடும். எத்தனை மாடியானாலும் கயிற்றுப் பலகையில் தொங்கியபடி சுவரோடு ஒட்டிக்கொண்டு பெயின்ட் அடிப்பான். கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவள் அவன் மனைவி. "என் உயிரே உன் கையிலதான்டி" என்று சொல்லிச் சொல்லியே பதினாறு வருடமாக அவளிடம் காரியம் சாதிப்பான், கில்லாடி.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலது காதில் சீழ் வடியும். பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். நாற்றமா? பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். போன வாரம் தலைவலி, தலைசுற்றல் என்றான். "தின்னர் தலைக்கு ஏறிடுச்சு. நம்ம தொழில்ல யாருக்குத்தான் சுத்தல?" என்று சிரித்தான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

அன்று காலை நாலாவது மாடியிலிருந்து, "ஐயோ, கண்ணு!" என்று அலறினான். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. "எல்லாம் சுத்துதுடி!"

அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "ரெண்டு கையாலயும் கயித்தைப் பிடிங்க! கீழ பாக்காதீங்க!" உள்ளங்கை தோலுரிய, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். அவன் வலது கண்ணில் பெயின்ட். தண்ணீரை அள்ளினாள்.

"கண்ணை மூடுங்க."

"மூடிட்டுத்தானே இருக்கேன்."

இடது கண்தான் மூடியிருந்தது. வலது கண் அவளையே வெறித்தது. அந்தப் பக்கத்து வாயும் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "காதுச் சீழ் எலும்பை அரிச்சு, முக நரம்பைத் தொட்டுடுச்சு. விட்டா மூளைக்குப் போயிடும். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். அந்தக் காது கேக்கும்னு சொல்ல முடியாது."

அவனுக்கு இடது காதிலும் பாதிதான் கேட்கும். "முழுச் செவிடா ஆகவா இங்க வந்தேன்? மாத்திரை குடுங்க, போதும்" என்று ஆபரேஷனுக்கான சம்மதக் காகிதத்தைத் தள்ளிவிட்டு எழுந்தான். இரண்டு அடி வைப்பதற்குள் சுவரில் போய் மோதினான்.

அவள் அழுகையோடு வெடித்தாள். "காது போனா நான் கத்திப் பேசிட்டுப் போறேன். நீங்களே போயிட்டா நான் யாருகிட்டங்க கத்தறது?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் அழுது அவன் பார்த்ததே இல்லை. காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் நடந்த ஐந்து மணி நேரமும் அவள் உட்காரவே இல்லை. உயிர் தப்பியது. வாயும் கண்ணும் மெல்லச் சரியாகி வருகின்றன. காது போனது போனதுதான். அவள் சொன்ன சொல் தவறவில்லை; அவர்கள் வீட்டு விஷயமெல்லாம் இப்போது தெருக்கோடி வரை கேட்கிறது.